தசைன் கோல்ட் கப்

பிச்சை முகம்மது தன் ஐம்பத்து நான்கு வயது வரை ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்தவரில்லை. அப்படிப்பட்டவர் நேபாளிகளின் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவரானதற்கு ஒரே காரணம், தன் சமையல்காரனை வேறு கடைக்காரன் எவனோ கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று அவருக்கு வந்த சந்தேகம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை வைத்திருந்தார். சாயந்தரம் அடுப்பு பற்றவைத்தால் கடைசி மதுரை பஸ் கிளம்பும் வரை கூட்டம் இருக்கும். அங்கே வாணலியைப் பிடிப்பவன் லோகேந்திர சாவுத். நேபாளத்தின் மேற்கு மூலையில் அச்சாம் என்ற மாவட்டத்துக்காரன். வந்த முதல் வாரத்திலேயே ஊர் அவன் பெயரை லோகு என்று சுருக்கிவிட்டது. நாலு வருடத்தில் தமிழும் பிடிபட்டுவிட்டது. அவனுக்குத் தெரிந்தது இந்தப் பக்கத்துத் தமிழ் மட்டும் என்பதால், மதுரைக்குப் போனால் “தம்பிக்கு வில்லிபுத்தூரா?” என்று கேட்பார்கள். அவனும் ஆமாம் என்றுதான் சொல்வான்.

ஒருநாள் லோகு வந்து, “மொதலாளி, இனிமே ஞாயித்துக்கெழம மத்தியானம் லீவு வேணும். அடுப்பு பத்தவைக்கதுக்குள்ள வந்துருவேன்” என்றான்.

“எங்க போற?”

“ராஜபாளையத்துல ஒரு சோலி.”

நாலு வருடத்தில் லோகுவுக்குச் சோலி என்று ஒன்று இருந்ததே இல்லை. பிச்சை முகம்மது இதை வீட்டில் சொன்னபோது அவர் மனைவி நூர்பானு, “அவன் போனா போறான். அதுக்கு நீங்க ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்கீக?” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூஞ்சியை அப்படியே வைத்துக்கொண்டு, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு லோகு ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார்.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பு மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு பொட்டல். அதில் இருபது பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நேபாளிகள். ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் வாணலி பிடிக்கும் சமையல்காரர்கள். மறுபக்கம் ராஜபாளையத்துத் தெருக்களில் இராக்காவல் பார்க்கும் கூர்க்காக்கள். பகலில் தூங்க வேண்டியவர்கள் ஆகையால் கூர்க்காக்கள் அணியில் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஆட்டத்துக்கு நடுவர் தர்க்க பகதூர் என்ற மூத்த கூர்க்கா. அவரை நடுவராக்கியதற்குக் காரணம், விசில் அவரிடம்தான் இருந்தது. அவரே கூர்க்காக்கள் அணிக்குக் கோல் கீப்பரும். கோல் வாசலில் நின்றபடியே விசில் ஊதினார். சமையல்காரர்கள் பந்தோடு கிட்டத்தில் வரும்போதெல்லாம் விசில் சற்று அதிகமாகக் கேட்டது.

பிச்சை முகம்மது போய் நின்ற நேரம், லோகு அடித்த பந்தைத் தர்க்க பகதூர் கோட்டருகே விழுந்து பிடித்தார். கோல் என்றது ஒரு பக்கம். இல்லை என்றது விசில். கோட்டைக் குச்சியால் கீறியிருந்தார்கள். அது பாதி அழிந்துபோயிருந்தது. நேபாளியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்போதுதான் லோகு வண்டியோடு நின்ற முதலாளியைப் பார்த்தான். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

“எங்க மொதலாளி வந்துட்டாக! அவியகிட்ட கேப்போம். அவிய நேரா நின்னு பாத்தாக.”

எல்லாரும் திரும்பினார்கள். பிச்சை முகம்மது பார்த்ததைச் சொன்னார்.

“பந்து பாதி உள்ள கெடந்துச்சு. பாதி வெளிய கெடந்துச்சு.”

உட்கார்ந்திருந்த கூர்க்காக்களில் ஒருவர், “அப்ப அரை கோல்” என்றார். தர்க்க பகதூர் யோசித்தார். முழுக் கோலைவிட அரைக் கோல் அவருக்குத் தேவலையாக இருந்தது. சமையல்காரர்களுக்கு ஒன்றுமில்லாததைவிட அரை நல்லதாகப் பட்டது. அன்றைய ஆட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றரைக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தது. இரண்டு தரப்பும் மனம் ஒப்பி ஏற்ற முதல் தீர்ப்பு அதுதானாம். அங்கேயே பிச்சை முகம்மதுவைத் தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மறுப்பதற்குள் ஒருவன் டீ வாங்கி வந்துவிட்டான்.

திரும்பும்போது லோகு வண்டியின் பின்னால் உட்கார்ந்து தன் நாட்டுக் கால்பந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“எங்க ஊர்ல ஆர்மிக்கு ஒரு டீம் உண்டு மொதலாளி. போலீசுக்கு ஒரு டீம். துப்பாக்கி வச்ச போலீசுக்குத் தனியா ஒரு டீம்.”

“அம்புட்டுப் பேரும் வெளாடப் போயிட்டா திருடன யாருலே புடிப்பா?”

“திருடனும் மேட்ச் பாக்கத்தான் வருவான் மொதலாளி.”

பொகாரா, தரான், ஜாபா என்று ஊர் ஊராகக் கோப்பைப் போட்டிகள் நடக்குமாம். எல்லாவற்றுக்கும் பெயர் கோல்ட் கப். காட்மாண்டுவில் நடக்கும் பெரிய லீக் மட்டும் இரண்டு வருடத்துக்கு மேலாக நடக்கவில்லையாம். அதில் ஆட வேண்டிய பையன்கள் ஆஸ்திரேலியாவுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள்.

“ஏன் நடக்கல?”

“சங்கத்துல சண்ட.”

பிச்சை முகம்மது தலையாட்டினார். அவர் வியாபாரிகள் சங்கத்தில் இருந்தவர்.

“தெக்காசியாப் போட்டியில எங்க நாடு மொத மொதல்ல ஃபைனலுக்கு வந்துச்சு மொதலாளி. ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல. நான் செல்லுல பாத்தேன். மூணு கோல் வாங்கித் தோத்துப்போனோம்.”

“அடடா. யாருகிட்டலே?”

“உங்ககிட்டதான்.”

“எங்ககிட்டயா?”

இந்தியா ஜெயித்த விவரம் பிச்சை முகம்மதுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று புரியாமல், ஊர் எல்லையில் மடவார்வளாகம் வரும் வரை வண்டியை ஓட்டினார்.

புரட்டாசியில் தசைன் வந்தது. நேபாளிகளுக்கு அதுதான் பெரிய பண்டிகை. நம் ஆயுத பூசை நேரத்தில்தான் வரும். ஊருக்குப் போய் வர ரயிலும் பஸ்ஸுமாக ஒரு வாரம் ஆகும் என்பதால் பாதிப் பேர் போகவில்லை. போகாதவர்கள் கடையில் வந்து உட்கார்ந்து, தசைனுக்கு ஒரு கோல்ட் கப் நடத்தலாம் என்று தலைவரிடம் சொன்னார்கள்.

“தங்கத்துக்கு எங்கலே போறது?” என்றார் பிச்சை முகம்மது.

“தங்கம் வேண்டாம் மொதலாளி” என்றான் லோகு. “எங்க ஊர் கோல்ட் கப்பு எதுலயும் தங்கம் கெடையாது. பேருதான் கோல்ட் கப்பு.”

நான்கு அணிகள் சேர்ந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சமையல்காரர்கள், ராஜபாளையத்துக் கூர்க்காக்கள், மில்லில் வேலை பார்க்கும் பையன்கள். நாலாவது வத்திராயிருப்புத் தென்னந்தோப்புகளில் வேலை செய்பவர்கள். அங்கே மொத்தமே ஏழு பேர்தான் தேறினார்கள். அதிலும் ஒருவன் அஸ்ஸாம்காரன். மற்ற ஆறு பேரோடும் ஒரே கொட்டகையில் தங்கி நேபாளி கற்றுக்கொண்டவன். அவர்களுக்காகவே அணிக்கு ஏழு பேர் என்று விதி போட்டார்கள். அவன் நாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று.

கோல் கம்பம் நட்ட மைதானம் ஒன்று வேண்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் இருந்தது. அந்தப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை பிச்சை முகம்மதுவின் மகள் சப்ரீன்.

இங்கேதான் பிச்சை முகம்மதுவுக்குச் சோறு இறங்காமல் போனது. மூன்று வருடங்களுக்கு முன்னால் சப்ரீன் மதுரைக்குப் போய்க் கால்பந்து நடுவர் பரீட்சை எழுதித் தேறி வந்தாள். இனிப்போடு வந்து சொன்னாள். அவர் இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஆம்பளையாளு ஓடுத எடத்துல நீ எதுக்கு விசில் ஊதிக்கிட்டு ஓடணும்?” என்றார். சப்ரீன் எதிர்த்துப் பேசவில்லை. அழவுமில்லை. அன்றிலிருந்து பந்து சம்பந்தமான எதையும் அவரிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் பை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். “ஸ்கூல் வேலையா?” என்று அவர் கேட்பார். “ஆமா, அத்தா” என்பாள். எங்கேயோ பெண்கள் போட்டிக்கு நடுவராகப் போகிறாள் என்பது நூர்பானுவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியும் என்பது மட்டும் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல் வீடு நடந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தைக் கேட்டபோது சப்ரீன் உடனே சரி என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசி அனுமதியும் வாங்கிவிட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெஃபரி யாரு?”

“தர்க்க பகதூர்.”

“அவரு கோல் கீப்பர்ல?”

“ரெண்டையும் அவருதான் பாக்காரு.”

சப்ரீன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து வத்திராயிருப்பு அணி, தர்க்க பகதூர் ஊதினால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லியனுப்பியது. மில் பையன்களும் அதையே சொன்னார்கள். சங்கம் கடையில் கூடியது. லோகு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே, “டீச்சர் இருக்காகள்ல, பரீட்சை பாஸ் பண்ணவுக” என்றான்.

“ஒனக்கு யாருலே சொன்னது?” என்றார் பிச்சை முகம்மது.

“கடத் தெருவுக்கே தெரியும் மொதலாளி.”

அவர் தர்க்க பகதூரைப் பார்த்தார். ஒரு பெண் நடுவராக வருவதைப் பெரியவர் எப்படியும் மறுத்துவிடுவார் என்று நம்பினார். தர்க்க பகதூர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க நாட்டுல ஆம்பளைக தெக்காசியாப் போட்டியில ஒரு தடவைதான் ஃபைனல் போனாங்க. பொம்பளப் புள்ளைக எத்தனையோ தடவ போயாச்சு. டீச்சர் வந்தா எங்களுக்குத்தான் மரியாதை.”

“பொம்பளைக ஜெயிச்சாகளா?”

“இல்ல. எல்லாம் தோத்தாச்சு. ஆனா போனாங்கள்ல.”

அதற்கு மேல் பிச்சை முகம்மதுவுக்கு வழியில்லை. வீட்டுக்கு வந்தார். சப்ரீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நூர்பானு அடுக்களையில் இருந்தாள். அவள் உருட்டிய பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஒன்ன விசில் ஊதக் கூப்புடுதாக” என்றார்.

“யாரு?”

“சங்கத்துல.”

“சங்கத்துல யாரு கூப்புடுதா?”

அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். “தலைவர்தான்.”

“தலைவர் யாரு?”

“நாந்தான்.”

“அப்ப நீங்க கூப்புடுதீகளா அத்தா?”

“ஆமா.”

சப்ரீன் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். “வாரேன். ஆனா நான் சொன்னா சொன்னதுதான். யாரும் நடுவுல வரக்கூடாது. தலைவரும் சேத்துத்தான் சொல்லுதேன். அப்புறம் அரை கோல் முக்கா கோல்லாம் எங்கிட்ட கெடையாது.”

அந்தச் செய்தி வீடு வரை வந்துசேர்ந்ததை பிச்சை முகம்மது அப்போதுதான் அறிந்தார். உள்ளேயிருந்து நூர்பானு ஒரு டம்ளரைக் கீழே போட்டாள். அது அவள் சிரிப்பை மறைக்கத்தான்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையிலேயே மைதானம் நிறைந்துவிட்டது. சமையல்காரர்கள் வேலை பார்த்த கடைகளின் முதலாளிகள் எல்லாம் வந்திருந்தார்கள். அன்று ஊரில் ஃப்ரைட் ரைஸ் கிடைக்காது என்பதால் அவர்களுக்கும் வேறு வேலையில்லை. நேபாளிகள் நெற்றியில் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்துத் திலகம் வைத்திருந்தார்கள். தலைவருக்கும் வைக்க வந்தார்கள். அவர் கும்பிட்டு, நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அவர்களும் புரிந்துகொண்டு, அவர் சட்டைப் பையில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகிவிட்டார்கள்.

சப்ரீன் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணியுமாக நடுவில் வந்து நின்றாள். பிச்சை முகம்மது மகளை அந்த உடையில் பார்த்தது அதுவே முதல்முறை. அவளுக்கு உடை சரியாகப் பொருந்தியிருந்தது. பல தடவை துவைத்த உடை என்பதும் தெரிந்தது.

காலை ஆட்டங்களில் மில் பையன்களைக் கூர்க்காக்கள் தோற்கடித்தார்கள். வத்திராயிருப்பைச் சமையல்காரர்கள் தோற்கடித்தார்கள். வத்திராயிருப்பு போட்ட ஒரே கோலை அந்த அஸ்ஸாம்காரன்தான் போட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றியபோது “ஜெய் நேபால்” என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியதும் அவன்தான்.

இறுதி ஆட்டம் சாயந்தரம். கூர்க்காக்கள் நடுவில் இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் வரிசையாகப் படுத்துத் தூங்கி எழுந்து வந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே லோகு எதிரணிக்காரன் ஒருவனின் காலை வாரிவிட்டு, “நான் தொடவே இல்ல டீச்சர்” என்று வாதாடினான். சப்ரீன் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினாள். சமையல்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கூர்க்காக்களும் ஒன்று போட்டார்கள். பிச்சை முகம்மதுவுக்கு ஆட்டம் அவ்வளவாகப் புரியவில்லை. பந்து எங்கே போனாலும் சப்ரீன் அதற்குப் பக்கத்தில் இருந்தாள் என்பது மட்டும் புரிந்தது. அத்தனை ஆண்களும் மூச்சு வாங்கினார்கள், அவளுக்கு வாங்கவில்லை.

ஆட்டம் முடிய சற்று முன்பு கூர்க்கா ஒருவர் உதைத்த பந்து லோகுவின் கையில் பட்டது. அது நடந்தது அவன் அணியின் கோல் வாசலுக்கு நேரே. சப்ரீன் விசிலை ஊதி, தரையில் ஒரு புள்ளியைக் காட்டினாள்.

“என்னவாம்?” என்று பிச்சை முகம்மது பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் காமராஜிடம் கேட்டார்.

“பெனால்ட்டி பாய். இது உள்ள போச்சுன்னா உங்க கடப் பையன் டீம் அவுட்.”

லோகு டீச்சரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மைதானத்தை விட்டு வெளியே நடந்து நேராகத் தலைவரிடம் வந்து நின்றான்.

“மொதலாளி, நீங்க சொல்லுங்க.”

“கையில பட்டுச்சாலே?”

“பட்டுச்சு. நானாப் படுத்தல. அதுவா வந்து பட்டுச்சு.”

“ரெஃபரிகிட்ட சொல்லு.”

“டீச்சர் கேக்க மாட்டேங்காக. நீங்க சொன்னா கேப்பாக.”

“நான் சொல்லியா? ஏலே, அவ எப்பலே கேட்டா!”

அதற்குள் சப்ரீன் வந்துவிட்டாள். கேட்காமல் மைதானத்தை விட்டு வெளியே போனதற்கு அவனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. சிவப்பையும் காட்டினாள். லோகுவின் முகம் அப்படியே வாடிப்போனது. நாலு வருடமாகத் தன் கடையில் வெந்த கையை அந்தப் பையன் காற்றில் விரித்துக்கொண்டு நின்றதைப் பிச்சை முகம்மதுவால் பார்க்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கோட்டைத் தாண்டி நாலு எட்டு உள்ளே வைத்தார்.

“சப்ரீனு, பாவம்மா, அவன்—”

சப்ரீன் திரும்பினாள். அவர் முகத்துக்கு நேராக மஞ்சள் அட்டை உயர்ந்தது.

“தலைவர் வெளிய போங்க.”

மில் சுவருக்கு அப்பால் கேட்கும் இயந்திரச் சத்தம் போல அவள் குரல் ஒரே சீராக இருந்தது. கோபமில்லை. பழைய கணக்கு எதுவும் அதில் இல்லை. அதுதான் அவரை நிறுத்தியது. இதே குரலில்தான் இவள் மூன்று வருடமாக எங்கெங்கோ யார் யாரையோ வெளியே போகச் சொல்லியிருக்கிறாள், எல்லாரும் போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. “சரிம்மா” என்றார். பின்பக்கமாகவே நடந்து கோட்டுக்கு வெளியே வந்தார். கூட்டத்தில் முதல் கைதட்டல் வந்தது பெண்கள் வரிசையிலிருந்து. அது நூர்பானு. பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

பெனால்ட்டியை அடிக்கத் தர்க்க பகதூர் தன் கோல் வாசலிலிருந்து மைதானம் முழுக்க நடந்து வந்தார். வர நேரமானது; யாரும் அவசரப்படுத்தவில்லை. அடித்தார். பந்து மெதுவாகத்தான் போனது. சமையல்காரர்களின் கீப்பர் வேறு பக்கம் விழுந்துவிட்டான். இரண்டுக்கு ஒன்று. அந்த ஊரில் தங்கமில்லாத முதல் கோல்ட் கப்பைப் பிச்சை முகம்மது கூர்க்காக்கள் கையில் கொடுத்தார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் காவலுக்குப் போக வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டார்கள்.

லோகு இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. வேலை மட்டும் பார்த்தான். அந்த இரண்டு நாளும் ஃப்ரைட் ரைஸில் மிளகு தூக்கலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் சமையல்காரர்களும் வத்திராயிருப்புக்காரர்களும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். ராஜபாளையத்தோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாங்கள் தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டோம் என்று லோகு அறிவித்தான்.

“ஒரு மேட்ச் தோத்ததுக்கா?”

“இல்ல மொதலாளி. எங்க ஊர்லயும் சங்கமெல்லாம் இப்புடித்தான் வளந்துச்சு.”

“சரி. தலைவர் யாரு?”

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“நான் அங்க தலைவரால்ல இருக்கேன்லே!”

“அதான் மொதலாளி. உங்களுக்குத்தான் தலைவரா இருந்த பழக்கம் இருக்கு.”

இப்படியாகப் பிச்சை முகம்மது இரண்டு சங்கங்களுக்கும் தலைவரானார். தீபாவளி நெருங்கும் சமயம் தர்க்க பகதூர் வந்து, பிரிந்து போனவர்களோடு பேசச் சொன்னார். பிச்சை முகம்மது ராஜபாளையத்துத் தலைவராக ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலைவருக்கு என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் தர்க்க பகதூரையும் லோகுவையும் கடையில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தட்டு நூடுல்ஸ் கொடுத்தார். இரண்டு சங்கமும் தனித்தனியாகவே இருக்கும், ஆனால் மாதம் ஒரு ஆட்டம் சேர்ந்து ஆடும் என்று பேசி முடித்தார்கள். நடுவர் யார் என்பதில் மட்டும் பேச்சே எழவில்லை. “டீச்சர்” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். லோகு தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்துப் பெரியவர் தட்டில் வைத்தான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்ரீனுக்கு மதுரையில் ஒரு போட்டி. ஆண்கள் லீக்கில் அவள் ஊதப்போகும் முதல் ஆட்டம். விடிந்ததும் பையை எடுத்தாள். பிச்சை முகம்மது ஏற்கெனவே குளித்துச் சட்டை போட்டுத் தயாராக நின்றிருந்தார்.

“ஸ்கூல் வேலையா?” என்று அவர் கேட்கவில்லை. “எந்த பஸ்ல போறோம்?” என்றார்.

சப்ரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நூர்பானு அவள் பையில் இன்னொரு தண்ணீர் பாட்டிலைச் செருகினாள்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், “இந்த ஆஃப்சைடு ஆஃப்சைடுங்காகளே, அது என்னம்மா?” என்று கேட்டார். சப்ரீன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை வைத்தே விளக்கினாள். டிரைவர்தான் கீப்பர், கம்பியைப் பிடித்து நிற்கும் அம்மாதான் கடைசித் தடுப்பாட்டக்காரர், பூக்கூடைக்காரர் அவருக்கு முன்னால் போய் நின்றால் தப்பு. அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கல்லுப்பட்டியில் அந்த அம்மா இறங்கிவிட்டார். கடைசித் தடுப்பாட்டக்காரர் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். சப்ரீன் முதலிலிருந்து ஆரம்பித்தாள். திருமங்கலம் வருவதற்குள் பாதி புரிந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.